நான்-கிரீடி பேட்டர்ன் முதல் முடிவிலேயே நிற்க வேண்டாமா? ரிகர்ஷன் வரம்பு ஏன் குறுக்கிடுகிறது?

நிரல்மேசை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

பல சிஎஸ்எஸ் கோப்புகளைச் சேர்த்து, அவற்றிலுள்ள கமெண்டுகளை நீக்கி, ஒரே கோப்பாக எழுதித் தரும் பிஎச்பி நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அது ஓடும் சர்வரில் இருப்பது பிஎச்பி 5.6, உடனடியாக மேம்படுத்தும் வாய்ப்பு இல்லை. கமெண்டை நீக்கும் பேட்டர்ன் (ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது உரையில் தேட வேண்டிய வடிவத்தைச் சொல்லும் குறிவரிசை) இது (வரிமுறிவுக்குரிய குறியை இங்கே ⏎ என்று காட்டியிருக்கிறேன்):

/\*(?:.|⏎)*?\*/

பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி ஓடிய இந்த நிரல், அண்மையில் சேர்க்கப்பட்ட ஒரு கோப்பைக் கையாளும்போது மட்டும் வெற்றுக் கோப்பை எழுதிவிடுகிறது. அதனால் தளத்தின் பக்கங்கள் எந்த வடிவமைப்பும் இன்றித் தோன்றுகின்றன. பிழைச் செய்தி எதுவும் பதிவாவதில்லை. தேடிப் பார்த்ததில், பிசிஆர்இ (பேட்டர்ன் தேடலுக்குப் பிஎச்பி பயன்படுத்தும் நூலகம்) ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே அழைப்பது) வரம்பை யாரோ முன்பே 10,000 என்று குறைத்து வைத்திருப்பது தெரிந்தது. அந்த வரியை நீக்கி, இயல்பு அளவான 1,00,000-க்கே விட்டுப் பார்த்தேன். இப்போது வெற்றுக் கோப்புகூட வருவதில்லை; செக்மென்டேஷன் ஃபால்ட் (முறையற்ற நினைவக அணுகல்) என்று பதிவாகிப் பிராசஸே நின்றுவிடுகிறது.

எனக்குப் புரியாதவை இரண்டு. நட்சத்திரத்துக்குப் பின் கேள்விக்குறி இட்டு நான்-கிரீடியாக எழுதினால், எஞ்சின் (பேட்டர்னை உரையோடு பொருத்திப் பார்க்கும் பகுதி) முதலில் எதிர்ப்படும் முடிவுக்குறியிலேயே நின்றுவிடும் என்றுதான் படித்திருக்கிறேன். அப்படி முன்னோக்கி மட்டும் நகரும் தேடலுக்கு ரிகர்ஷன் எதற்காகத் தேவைப்படுகிறது? அடுத்து, இதே பேட்டர்னை இதே கோப்பின்மீது இன்றைய பைத்தானில் ஓட்டினால் எந்தத் தடையும் இன்றி முடிகிறது. அப்படியானால் பேட்டர்ன் சரியானது, குறை பிஎச்பியில்தான் என்று கொள்ளலாமா?

அடைப்புக்குறி

இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். நான்-கிரீடி என்பது, எஞ்சின் எதை முதலில் முயல வேண்டும் என்ற வரிசையை மட்டுமே மாற்றுகிறது. எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது எல்லை விதிப்பதில்லை. கடந்து வந்த வழியை மறந்துவிடும்படி எஞ்சினிடம் சொல்வதும் இல்லை.

உங்கள் பேட்டர்னில் ஒவ்வொரு எழுத்திலும் நடப்பதைப் பாருங்கள். எஞ்சின் முதலில் முடிவுக்குறியை முயல்கிறது. அது பொருந்தாததால் குழுவுக்குள் நுழைகிறது. அங்கே இரண்டு கிளைகள் உள்ளன. புள்ளி பொருந்திவிட்டாலும், வரிமுறிவு என்ற இரண்டாவது கிளை இன்னும் முயலப்படாமல் இருப்பதால், பின்னால் எங்காவது தோல்வி ஏற்பட்டால் திரும்பி வந்து அதையும் பார்க்க வேண்டும் என்று எஞ்சின் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரே எழுத்து புள்ளிக்கும் வரிமுறிவுக்கும் ஒருசேரப் பொருந்த முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் எஞ்சின் அந்த அறிவைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே 5,000 எழுத்துகள் உள்ள ஒரு கமெண்டைக் கடந்து முடிக்கும்போது, குறைந்தது 5,000 திரும்பும் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பழைய பிசிஆர்இ இந்த அடுக்கைத் தன்னைத் தானே அழைக்கும் ஒரு ஃபங்ஷனாக எழுதியிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முன்னோக்கிய நகர்வாகத் தெரிவது, உள்ளே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படி (சில வேளைகளில் இரண்டு படி) ஆழமாகச் செல்லும் அழைப்பு. முழுப் பொருத்தமும் முடியும்வரை அந்த அழைப்புகளில் ஒன்றும் திரும்புவதில்லை.

இங்கே கேள்விக்குறியின்மீது பழி போடுவது சரியாகாது. குழு இல்லாமல் வெறும் புள்ளியை `.*?` என்று எழுதியிருந்தால், அது ஒரே ஓர் எழுத்து அகலம் உள்ள அலகு என்பதை எஞ்சின் அறியும், ஓர் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு சாதாரண லூப்பாக ஓட்டிவிடும், ஆழம் கூடாது. ஆழத்தை உண்டாக்குவது, கிளைகள் உள்ள அடைப்புக்குறியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான். கேள்விக்குறி இல்லாமல் கிரீடியாக எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்: குழு கோப்பின் கடைசி எழுத்துவரை இறங்கிவிட்டுப் பிறகே முடிவுக்குறியைத் தேடிப் பின்வாங்கும். நான்-கிரீடியாக இருந்ததால் ஆழம் கமெண்டின் நீளத்தோடு நின்றது. பழைய கோப்புகளில் கமெண்டுகள் சிறியவையாக இருந்ததால் பல ஆண்டுகள் தப்பித்திருக்கிறது. எனவே, அந்தப் புதிய கோப்பில் மிக நீண்ட கமெண்ட் ஒன்று இருக்கிறதா, அல்லது மூடப்படாத கமெண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிரல்மேசை

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே தேடினேன். கோப்பின் கடைசியில் சோர்ஸ் மேப் (உருவாக்கிய கோப்பை மூலக் கோப்போடு இணைத்துக் காட்டும் தரவு) முழுவதும் பேஸ்64 என்ற உரை வடிவில் உள்ளேயே பொதியப்பட்டிருக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் சோர்ஸ் மேப்பைக் கமெண்டுக்குள்தான் வைக்கிறார்கள் என்பதால், அது ஆறு லட்சம் எழுத்துகளுக்கு மேல் நீளும் ஒரே கமெண்டாக அமைந்துவிட்டது. அதை உருவாக்கும் கருவியில் அந்த வசதியை நிறுத்திவிடலாம். ஆனாலும் பேட்டர்னைச் சரிசெய்யாமல் விட எனக்கு மனமில்லை.

குழுவை எடுத்துவிட்டு, புள்ளி வரிமுறிவையும் ஏற்கும்படியான கொடியை (ஃபிளாக்) இட்டு, `/\*.*?\*/` என்று எழுதினால் போதுமா?

பழையசர்வர்

பேட்டர்னுக்கு மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நான் வரம்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் நீக்கிய அந்த 10,000 என்ற எண்ணை வைத்தவர் விவரம் தெரிந்து வைத்தவர்.

பழைய பிசிஆர்இயின் ஆவணம், ஒரு ரிகர்ஷனுக்குச் சுமார் 500 பைட் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகம்) செலவாகும் என்று தோராயக் கணக்குத் தருகிறது. 8 எம்பி ஸ்டாக்குக்குள் இருக்க வேண்டுமானால் வரம்பை 16,000 என்று வையுங்கள் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. லினக்ஸில் பிராசஸுக்குக் கிடைக்கும் இயல்பான ஸ்டாக் பெரும்பாலும் 8 எம்பிதான். பிஎச்பியின் இயல்பு வரம்போ 1,00,000. அந்த ஆழத்தைத் தொட ஏறத்தாழ 50 எம்பி ஸ்டாக் வேண்டும். அதாவது இயல்பு நிலையில், வரம்பு தடுத்து நிறுத்துவதற்கு வெகு முன்னரே ஸ்டாக் தீர்ந்து பிராசஸ் இறந்துவிடும். 10,000 என்று வைத்திருந்தபோது ஏறத்தாழ 5 எம்பியிலேயே எஞ்சின் ஒழுங்காக நின்று, பிழையைத் தெரிவித்து, கட்டுப்பாட்டை உங்கள் நிரலிடம் திருப்பித் தந்தது. தயவுசெய்து அந்த வரியை மீண்டும் சேர்த்துவிடுங்கள்.

பிழை தெரிவிக்கப்பட்டதா என்று நீங்கள் கேட்கலாம். தெரிவிக்கப்பட்டது, நிரல்தான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. உரையை மாற்றும் ஃபங்ஷனான பிரெக்_ரிப்ளேஸ், பிழை நேர்ந்தால் நல் (NULL, மதிப்பு எதுவும் இல்லை) என்பதைத் திருப்பித் தரும். அதை அப்படியே கோப்பில் எழுதினால் வெற்றுக் கோப்புதான் உருவாகும். பிரெக்_மேட்ச் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்: பொருந்தவில்லை என்றால் 0, பிழை என்றால் ஃபால்ஸ், இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும் நிரல்கள் ஏராளம். திருப்பி வந்த மதிப்பு நல் தானா என்று மூன்று சமக்குறி இட்டுச் சோதித்து, ஆம் எனில் பிரெக்_லாஸ்ட்_எரர் தரும் எண்ணைப் பதிவு செய்து, பழைய கோப்பை மாற்றாமல் நிறுத்துங்கள். பேட்டர்னை எவ்வளவு நன்றாக எழுதினாலும் இந்தச் சோதனை இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பைத்தானில் ஓடுவதற்கான காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஃப்ரெட்ரிக் லுண்ட் எழுதிய எஸ்ஆர்இ என்ற எஞ்சினும் தொடக்கத்தில் ரிகர்ஷனால் ஆனதுதான். ஒரு குழுவை நான்-கிரீடியாக ஓட்டும் பேட்டர்னை நீண்ட உரையின்மீது பயன்படுத்தினால் "ரிகர்ஷன் வரம்பு தாண்டப்பட்டது" என்று பிழை எழும் என அன்றைய பைத்தான் ஆவணமே எடுத்துக்காட்டுடன் எச்சரித்தது. குழுவுக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குள் எழுத்து வகுப்பாக எழுதச் சொன்னது. பைத்தான் 2.3-இல் எளிய நான்-கிரீடி அலகுகளுக்கு மட்டும் தனி வழி அமைத்தார்கள். 2004-இல் வெளியான 2.4-இல், குஸ்தாவோ நீமேயர் எஞ்சினையே ரிகர்ஷன் இல்லாததாக மாற்றியமைத்தார். பெர்லில் அதே மாற்றம் 2007-இல் வந்த 5.10-இல் நடந்தது. பிசிஆர்இயின் வழிவந்த புதிய நூலகமான பிசிஆர்இ2-இல் 2017-இன் 10.30 பதிப்பில் நடந்தது. பிஎச்பி அந்த நூலகத்துக்கு 7.3-இல்தான் மாறியது. ஜாவாவின் எஞ்சினில் கிளைகள் உள்ள குழுவை நீண்ட உரையின்மீது ஓட்டினால் இன்றும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர் எழுவதைக் காணலாம்.

ஆகவே குறை பிஎச்பியில் மட்டும் இருக்கிறது என்று கொள்ள முடியாது. திரும்பும் இடங்களின் அடுக்கு இன்றைய பைத்தானிலும் வளர்கிறது. ஸ்டாக்கில் வளராமல் ஹீப்பில் (நிரலின் பொது நினைவகத்தில்) வளர்வதால் உங்கள் கண்ணில் படவில்லை. பிஎச்பி 7.0 முதல் இயல்பாக இயங்கும் ஜிட்டிலும் (பேட்டர்னை இயந்திரக் குறியீடாக மாற்றி ஓட்டும் வசதி) இந்தச் சுமை வேறு உருவில் வருகிறது: அதற்கென பிஎச்பி ஒதுக்கும் ஸ்டாக் உச்சமாக 192 கேபி மட்டுமே, அது தீர்ந்தால் ஜிட் ஸ்டாக் வரம்புப் பிழை எழும். புதிய பதிப்புக்கு மாறிவிட்டால் இந்தப் பேட்டர்ன் தானாகச் சரியாகிவிடும் என்று எண்ணி அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அடைப்புக்குறி

நிரல்மேசை அவர்கள் கேட்ட `/\*.*?\*/` பற்றி.

ஆழச் சிக்கல் அதில் தீரும். ஆனால் வேறொரு வரம்பு காத்திருக்கிறது. ஜிட் இல்லாத பழைய பிசிஆர்இயில், நான்-கிரீடி புள்ளி ஒவ்வோர் எழுத்தைக் கடக்கும்போதும் "மீதிப் பேட்டர்ன் இங்கே பொருந்துமா" என்று ஒரு முறை உள் அழைப்பு விடுக்கிறது. அழைப்பு உடனே திரும்பிவிடுவதால் ஆழம் கூடுவதில்லை. ஆனால் எண்ணிக்கை கூடுகிறது. அந்த எண்ணிக்கையைத்தான் பிஎச்பி பேக்டிராக் வரம்பு என்ற பெயரில் கட்டுப்படுத்துகிறது. 5.3.7-க்கு முன் அது 1,00,000; அதன்பின் 10,00,000. உங்கள் ஆறு லட்ச எழுத்துக் கமெண்ட் இன்று அதற்குள் அடங்கும். சோர்ஸ் மேப் இரட்டிப்பானால் அதே வெற்றுக் கோப்பு திரும்ப வரும்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது பொருள் சார்ந்தது. நான்-கிரீடி என்றால் "மிகக் குறுகிய பொருத்தம்" என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். `அ.*?இ` என்ற பேட்டர்னை "அகஅபஇ" என்ற உரையின்மீது ஓட்டினால் "அபஇ" கிடைக்காது. முழு "அகஅபஇ" கிடைக்கும். எங்கே தொடங்குவது என்பதை இடப்பக்கத்தில் முதலில் கிடைத்த இடமே முடிவு செய்கிறது. கேள்விக்குறி அந்தத் தொடக்கத்திலிருந்து எங்கே முடிப்பது என்பதை மட்டும் பாதிக்கிறது. அந்த முடிவும் உறுதியானது அன்று. `"(.*?)"=` என்று எழுதி, `"க" "ங"=` என்ற உரையைக் கொடுத்தால், முதல் மேற்கோள் மூடப்பட்ட இடத்தில் சமக்குறி இல்லாததால் எஞ்சின் அதைத் தாண்டிச் சென்று, இரண்டு சொற்களையும் ஒரே பிடியில் பிடித்துவிடும். புள்ளி எதையும் ஏற்கும் என்று நாம் எழுதிக் கொடுத்திருக்கும்போது, மேற்கோள்குறியையும் அது ஏற்றதற்கு எஞ்சினைக் குறை சொல்ல இயலாது. உள்ளே எது வரலாம் என்பதைப் பேட்டர்னிலேயே சொல்லிவிட்டால் இந்த ஐயம் எழாது: `"([^"]*)"=`.

கமெண்டுக்கும் அதே வழிதான். முடிவுக்குறி இரண்டு எழுத்துகளால் ஆனது என்பதால் சற்று நீளும்:

/\*[^*]*+\*++(?:[^/*][^*]*+\*++)*+/

இதை வாய்விட்டுப் படித்தால் இப்படி வரும். கமெண்ட் தொடங்குகிறது, நட்சத்திரம் அல்லாத எழுத்துகள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம், பிறகு ஒன்றோ பலவோ நட்சத்திரங்கள். அவற்றை அடுத்துச் சாய்கோடு வந்தால் கமெண்ட் முடிந்தது. சாய்கோடு அல்லாத வேறொன்று வந்தால், அடுத்த நட்சத்திரக் கூட்டம்வரை மீண்டும் செல்ல வேண்டும். எந்த இடத்திலும் எஞ்சின் முன்னே இரண்டு வழிகள் இல்லை. அதனால்தான் பின்னால் கூட்டல்குறி சேர்த்து பொசெசிவாக எழுத முடிகிறது: "பொருந்தியதை இனித் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்று எஞ்சினுக்குச் சொல்லும் குறி அது. திரும்பும் இடங்கள் சேர்வதில்லை. குழு ஆயிரம் முறை சுற்றினாலும் ஆழம் வளர்வதில்லை. பேஸ்64-இல் நட்சத்திரமே கிடையாது என்பதால், உங்கள் ஆறு லட்சம் எழுத்துகளும் முதல் `[^*]*+` என்ற ஒரே அலகிலேயே விழுங்கப்பட்டுவிடும்.

பிசிஆர்இ ஆவணமும் இதே மருந்தைத்தான் சொல்கிறது. எழுத்துக்கு ஒரு முறை சுற்றும் `([^<]|<(?!...))+` போன்ற பேட்டர்னில், உள்ளே இருக்கும் `[^<]` என்பதை `[^<]++` என்று மாற்றினால், கோணக்குறி எதிர்ப்படும்போது மட்டுமே ரிகர்ஷன் நிகழும் என்று அங்கே விளக்கப்பட்டிருக்கிறது.

சொல்லாய்வி

அடைப்புக்குறி அவர்கள் தந்த பேட்டர்ன் கமெண்டைப் பொறுத்தவரை முழுமையானது. சிஎஸ்எஸ் கோப்பைப் பொறுத்தவரை இரண்டு இடைவெளிகள் உள்ளன.

ஒன்று, மேற்கோளுக்குள் வரும் `/*`. ஒரு தேர்வியிலோ (செலக்டர்) உள்ளடக்கப் பண்பிலோ (content) மேற்கோளுக்குள் அந்த இரண்டு எழுத்துகள் வந்தால், அங்கிருந்து அடுத்த கமெண்டின் முடிவுவரை உள்ள விதிகள் அனைத்தும் காணாமற்போகும். இதற்குத் தீர்வு, மேற்கோள்களையும் சேர்த்தே பிடிப்பது:

"(?:[^"\\]++|\\.)*+"|/\*[^*]*+\*++(?:[^/*][^*]*+\*++)*+/

ஒற்றை மேற்கோளுக்கும் இதே போன்று ஒரு கிளை சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கோளுக்குள் பின்சாய்வுக்கு அடுத்து வரிமுறிவும் வரலாம் என்பதால், புள்ளி வரிமுறிவை ஏற்கும் கொடியையும் இடுங்கள். பிறகு கால்பேக்குடன் (ஒவ்வொரு பொருத்தத்துக்கும் அழைக்கப்படும் உங்கள் சொந்த ஃபங்ஷன்) கூடிய மாற்றும் ஃபங்ஷனைப் பயன்படுத்தி, பிடிபட்டது மேற்கோளில் தொடங்கினால் அப்படியே திருப்பித் தாருங்கள். சாய்கோட்டில் தொடங்கினால் ஓர் இடைவெளியைத் தாருங்கள். வெற்று உரையைத் தந்தால், கமெண்டால் மட்டுமே பிரிந்திருந்த இரு சொற்கள் ஒட்டிக்கொள்ளக் கூடும்.

மற்றொன்று, உரிமக் குறிப்புகள். ஆச்சரியக்குறியுடன் `/*!` என்று தொடங்கும் கமெண்டை நீக்கக் கூடாது என்பது சுருக்கும் கருவிகளிடையே நிலைபெற்ற வழக்கம். அதற்காகத் தொடக்கத்தில் `(?!!)` என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிபந்தனை தோற்றதும் எஞ்சின் ஓர் எழுத்து நகர்ந்து, அந்த உரிமக் குறிப்பின் உள்ளேயே மீண்டும் தேடத் தொடங்கும்; அதற்குள் முகவரியோ கோப்புப் பாதையோ `/*` என்று இருந்துவிட்டால், அங்கிருந்து வெட்டிவிடும். முழுக் கமெண்டையும் பிடித்துவிட்டு, வைப்பதா நீக்குவதா என்பதைக் கால்பேக்கில் முடிவு செய்வதே பாதுகாப்பானது.

நிரல்மேசை

மூவருக்கும் நன்றி. மேற்கோள்களையும் பிடிக்கும் பேட்டர்னை இட்டு, நல் சோதனையைச் சேர்த்து, வரம்பை மீண்டும் 10,000-க்குக் கொண்டுவந்தேன். சோர்ஸ் மேப் உள்ள அதே கோப்பு இப்போது ஒழுங்காக வெளிவருகிறது.

கடைசியாக ஒன்று: இந்த வேலையைப் பின்னாளில் கோ மொழியில் திருப்பி எழுதும் எண்ணம் இருக்கிறது. இதே பேட்டர்ன் அங்கேயும் செல்லுமா?

அடைப்புக்குறி

பொசெசிவ் குறிகளோடு செல்லாது. எத்தனை முறை என்று சொல்லும் குறிக்குப் (`*`, `+` போன்றவை) பின் கூட்டல்குறி வந்தால் கோ பேட்டர்னைத் தொகுக்கும்போதே பிழை சொல்லும். அவற்றை எடுத்துவிட்டு எழுதுங்கள்:

/\*[^*]*\*+(?:[^/*][^*]*\*+)*/

கோவின் எஞ்சின், ரஸ் காக்ஸ் எழுதி 2010-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட ஆர்இ2-இன் வழியில் அமைந்தது. அதன் அடிப்படை 1968-இல் கென் தாம்ஸன் விளக்கிய முறை. ஒரு வழியில் போய்ப் பார்த்துத் திரும்புவதற்குப் பதிலாக, சாத்தியமான நிலைகள் அனைத்தையும் ஒருசேர ஏந்திக்கொண்டு உரையை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. அதனால் ரிகர்ஷன் ஆழம் என்ற கேள்வியே அங்கு இல்லை; உரை எவ்வளவு நீண்டாலும் நேரம் அதன் நீளத்துக்கு ஏற்பவே கூடும். நான்-கிரீடி குறியையும் அது ஏற்கிறது: ஏந்தியிருக்கும் நிலைகளுள் எதற்கு முன்னுரிமை என்பதை மட்டும் அந்தக் குறி மாற்றுகிறது. உங்கள் முதல் பேட்டர்னையே கொடுத்தாலும் கோ அதைத் தாங்கும். ஆனால் `"(.*?)"=` அங்கேயும் இரண்டு சொற்களையும் சேர்த்தே பிடிக்கும்; எஞ்சினை மாற்றினாலும் அந்தப் பேட்டர்னை நீங்கள்தான் மாற்ற வேண்டும். `(?!!)` போன்ற முன்னோக்கு நிபந்தனைகளும், முன்பு பிடித்ததையே மீண்டும் கேட்கும் பின்சுட்டுகளும் கோ மொழியில் கிடையாது. சொல்லாய்வி அவர்கள் சொன்னபடி முடிவைக் கால்பேக்கில் வைத்திருப்பதால், அவை உங்களுக்குத் தேவைப்படவும் மாட்டா.